எலுமிச்சம்பழம் இல்லாத கவிராயர்

கொடுமலை ஜமீனில் அம்பலவாணக் கவிராயர் என்று ஓர் ஆஸ்தான வித்துவான் இருந்தார். வாய் பெரிசு, வயிறு காலி. இங்கிலீஷ் தெரியும் என்று அளந்தே சபையில் இடம் பிடித்தவர். மனுஷருக்குத் தெரிந்தது மொத்தம் எண்பது வார்த்தை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கலெக்டரிடமிருந்து கடிதம் வந்தது. "தங்கள் ஜமீனில் டெஸ்டிட்யூட் எத்தனை பேர்? அரிசி அனுப்புகிறோம்."

"பரம ஏழை என்று அர்த்தம், மகாராஜா," என்றார் திவான் கோபாலராயர். "நம்மிடம் அப்படி யாருமில்லை. இருந்தால் சபைக்கு வந்து முறையிட்டிருப்பார்களே. இல்லை என்றே எழுதிவிடலாம்."

ராஜா, அர்த்தம் சரிதானா என்று கவிராயரைப் பார்த்தார். அந்த வார்த்தை எண்பதில் இல்லை.

"ஏழைக்கும் மேலே, மகாராஜா," என்று சமாளித்தார்.

"மேலே என்றால்? நாளைக் காலை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லும். இல்லாவிட்டால் உம் இடம் திவானுடைய மச்சானுக்கு."

கவிராயர் பாதிரியாரிடம் ஓடினார். "லத்தீன் வார்த்தை. கைவிடப்பட்டவன் என்பதுதான் பழைய பொருள். இல்லாதவன் என்பது பிறகு வந்தது," என்றார் அவர். கவிராயருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் கிளம்பும்போது மாடத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தைக் காணோம். அது இல்லாமல் ராஜாவைப் பார்க்க முடியாது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பழம் ராஜாவுக்குக் கொடுப்பது அரண்மனை வழக்கம்.

"காலையிலே குடிச்சீங்களே, அதுதான் அது," என்றாள் மனைவி உலகம்மாள். "வேற என்ன இருந்துச்சு வீட்டிலே?"

அரண்மனை வாசலில் காவல்காரன் மறித்தான். "பழம் எங்கே சாமி? இல்லாம விட்டா திவான் என் தோலை உரிச்சிடுவார்."

பிழைப்பு போச்சு என்று கவிராயர் எதிரிலிருந்த வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே இருபது பேர் ஒட்டிய வயிறோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க எப்போ வந்தீங்க?"

"எட்டு நாளாச்சு சாமி. பழத்துக்கு எங்கே போறது?"

கவிராயருக்குச் சுருக்கென்றது. பாதிரியார் சொன்னது இப்போது விளங்கியது. எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த எண்பது இங்கிலீஷ் வார்த்தைகளையும் தொண்டை கிழியக் கத்தினார். சபையில் காத்திருந்த ராஜாவே வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன கூத்து இது? பொருள் எங்கே?"

"இதோ மரத்தடியில், மகாராஜா. கைவிடப்பட்டவன் என்று அர்த்தம். ஒன்றுமில்லை என்று சொல்ல வருகிறவனிடமும் ஒரு பழம் கேட்கிறோம். அதனால்தான் நம் சபைக்கு இதுவரை ஓர் ஏழையும் வரவில்லை."

"உமக்கு என்ன வேலை அங்கே?"

"என்னிடமும் பழம் இல்லை."

ராஜாவின் முகம் சுருங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பழ வழக்கம் அன்றோடு ஒழிந்தது. திவானே மரத்தடியில் உட்கார்ந்து, கலெக்டருக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் எழுதினார். அன்றைக்குச் சேர்ந்திருந்த எலுமிச்சம்பழம் அத்தனையும் கவிராயருக்குப் பரிசு.

கூடையைப் பார்த்த உலகம்மாள் கேட்டாள். "பழம் சரி. பிசையச் சோறு?"

"கலெக்டர் அனுப்புறார். பட்டியல்லே முதல் பேரே என்னுதுதான்."