மாலை போட ஒரு முகம்

"படம் என்னுது. பேரு எங்க?"

செல்போனை மேஜைமேல் போட்டுவிட்டு, நின்றபடியே கேட்டார் எபனேசர். இருபத்தாறு வருஷம் பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். இப்போது எந்தப் பத்திரிகையிலும் அவருக்கு நாற்காலி கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதுவும் முதலில் அனுப்புகிறவனுக்குத்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் சபுரா. அவரைவிடப் பத்து வயது இளையவள். ஒரு காலத்தில் அதே பத்திரிகையில் படம் தேர்வு செய்தவள். பத்துப் படம் கொண்டுபோனால் ஒன்பதைத் தள்ளிவிடுவாள். ஏன் என்று கேட்டால் சொல்லவும் மாட்டாள். அதனால் போட்டோகிராபர்கள் எல்லாரும் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். வேலை போனதும் பஸ் ஸ்டாண்டு எதிரே ஸ்டூடியோ போட்டுவிட்டாள். பாஸ்போர்ட் சைஸ், காரியத்துக்கு மாலை போடுகிற படம், அவ்வளவுதான் அங்கே வேலை.

"யாருண்ணே பேரு போடல?"

"எல்லாப் பயலும்தான். ஏரி உடைஞ்ச அன்னிக்கு நான் எடுத்த படம். ரெண்டு வாரமா ஊரு பூரா போன்ல சுத்துது. ஒரு டிவிக்காரன் என் பேரை வெட்டிட்டு அவன் முத்திரையக் குத்தியிருக்கான். இந்தத் தொழில்ல இனிமே நியாயம்னு ஒண்ணு இருக்கா, வாத்தியாரம்மா?"

சபுரா டிராயரைத் திறந்தாள். நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

அவருடைய படம்தான். மார்பில் அடித்துக்கொண்டு அழும் பெண். அவள் முழங்காலருகே, ஈரப் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள்.

எபனேசருக்கு முகம் மலர்ந்தது. சொல்ல வெட்கக்கேடுதான், ஆனால் மலர்ந்தது. அச்சில் நன்றாக வந்திருந்தது.

"நேத்து இந்தம்மாவே வந்து குடுத்த ஆர்டர்ணே. இறந்தவரோட முகத்த மட்டும் இதுலருந்து எடுத்துப் பெருசாக்கித் தரணும். நாளைக்குப் பதினாறாம் நாள்."

"இதுல முகம் எங்க இருக்கு?"

"அதத்தான் நானும் தேடுறேன்."

"வேற படம் இருக்கும்ல. கல்யாண ஆல்பம், ஆதார் கார்டு..."

"ஆல்பம், கார்டு, போன் எல்லாம் வீட்டோட தண்ணில போயிருச்சு. ஆதார்ப் படத்தக் கம்ப்யூட்டர்ல எடுத்துப் பாத்தோம். கருப்பா ஒரு வட்டம். அது தன் புருஷன்தான்னு அந்தம்மாவே ஒத்துக்கல."

எபனேசர் அந்தத் துண்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு எத்தன எடுத்தீங்க?"

"நாப்பது இருக்கும்."

"ஒண்ணுலயாவது அவரு முகம்?"

"செத்தவங்க முகத்த நாமதான் போட மாட்டோம்ல. மரியாதை இல்லையா?"

"மரியாதைதான்" என்றாள் சபுரா. "அந்தம்மா உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையா?"

எபனேசர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

கேட்டாள். போர்வையை விலக்கி முகத்தைக் காட்டியே கேட்டாள். 'தம்பி, இவுக மூஞ்சிய ஒண்ணு புடிச்சுக் குடுங்க. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல.' அவர் கரைமேல் குந்தி, அவள் அழுத படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று பேர் கேமராவோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். தலையைத் தூக்காமலே, 'இருங்கம்மா, அவசரம்' என்றார். படம் போய்ச் சேர்ந்து அவர் நிமிர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது.

இதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சபுராவிடம் சொன்னார். சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது. மேஜைமேல் கிடந்த போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

சபுரா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு மணிக்கு அந்தம்மா யாரையோ கூட்டிட்டு வரேன்னாங்க, படம் எடுக்க."

"நான் கிளம்புறேன்."

"உள்ள லைட்டு போட்டு வச்சிருக்கேன்ணே. கேமராவ எடுங்க."

கண்ணாடிக் கதவு திறந்தது. அந்தப் பெண்தான், பேச்சிக்கனி. பதினாறு முடியாமலே வாசல் தாண்டி வந்திருந்தாள். கூடவே நாற்பது வயதில் ஒரு ஆள். புதிதாக ஒதுக்கிய மீசை.

அவள் சபுராவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அந்தப் பேப்பர்ல மூஞ்சி இல்லன்னு நேத்தே சொல்லிட்டீங்கள்ல, அதான் எங் கொழுந்தனாரக் கூட்டியாந்திருக்கேன். அண்ணனும் தம்பியும் ஒரே ஜாடை. மீசையக்கூட அவுக மாதிரியே வச்சுட்டு வந்திருக்காக. இவுகள எடுத்துக் குடுங்க, போதும்."

எபனேசருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உசுரோட இருக்கவரு படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா?"

"போடட்டும் சார்" என்றார் அந்த ஆள். "எங்கண்ணன் மூஞ்சி இல்லாமப் போயிரக் கூடாது."

போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

எபனேசர் கேமராவைக் கண்ணில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

பேச்சிக்கனி அவரை உற்றுப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஏரிக்கரையில... நீங்கதானே?"

ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இன்னிக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே, தம்பி? நிதானமா எடுங்க."