சிங்கத்துக்குப் புரியாத பாஷை

ரோமாபுரியின் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம். ஆப்பிரிக்கக் கரையோரம் ஓர் ஒலிவக் காட்டில், பிரிக்தா என்ற கின்னிக்கோழி குஞ்சும் குளுவானுமாகக் குடியிருந்தது.

அந்தக் காட்டில் பேசாத பாஷை இல்லை. கோழி, கழுதை, ஆமை எல்லாம் உள்ளூர்ப் பாஷையான பியூனிக் பேசின. மலையிலிருந்து இறங்கி வந்த ஆடுகளுக்குத் தனிப் பேச்சு. கப்பலில் வந்த பூனைக்குக் கிரேக்கம். சண்டை போடவும் சமாதானமாகவும் அவை தாராளமாகப் போதும். ராஜா சிங்கத்தின் சபையில் மட்டும் லத்தீன்! தெரியாதவர்கள் துபாஷி நரியின் வாய் வழியாகத்தான் முறையிட வேண்டும். இடையில் வேறு எவரும் மூச்சுவிடக் கூடாது.

பிரிக்தாவின் மூத்த குஞ்சைத் தின்றதே அந்த நரிதான். இறகுகள் அதன் வளை வாசலிலேயே கிடந்தன. தின்றவனைப் பற்றித் தின்றவன் மூலமே முறையிட வேண்டுமாம். வயிறு எரியுமா, எரியாதா?

மீதிக் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு பிரிக்தா சபைக்குப் போனது.

"ராஜா! உங்க துபாஷி என் பிள்ளையைத் தின்னுட்டான். மத்ததுங்களையாவது காப்பாத்துங்க!"

நரி தொண்டையைச் செருமிக்கொண்டு லத்தீனில் ஏதோ நீளமாகச் சொன்னது. சிங்கம் தலையசைத்தது.

பட்டாளத்துக்கு மூட்டை சுமந்து லத்தீன் பழகிய கழுதை, பிரிக்தாவின் காதோரம் குனிந்தது. "அடிப்பாவி! உன் ஆட்சியிலே என் குஞ்சுகள் சுகமா இருக்கு, நன்றி சொல்ல வந்தேன்னு நீ சொன்னதா சொல்றான்!"

"நீ எடுத்துச் சொல்லேன் அண்ணே!"

"எனக்கும் தோல் ஒண்ணுதானே இருக்கு, தாயி."

பக்கத்தில் நின்ற ஆமை உபதேசத்துக்கு வந்தது. "லத்தீன் கத்துக்கோன்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டியா?"

"நான் இலக்கணம் படிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் பட்டினி கிடப்பானா?" என்று சீறியது பிரிக்தா.

சீறினாலும் அதன் கண் சிங்கத்தை விட்டு அகலவில்லை. 'பிள்ளையைத் தின்னுட்டான்' என்று சொன்னபோது, நரி வாயைத் திறக்கும் முன்பே சிங்கத்தின் வால் ஆடுவதை நிறுத்தியிருந்தது. அதற்குப் பிறகு அது பிரிக்தாவை நேராகப் பார்க்கவே இல்லை.

ஓகோ! இதே காட்டில் பிறந்து வளர்ந்த சிங்கம் அல்லவா? எந்தச் சீமையிலிருந்து வந்து குதித்தது?

பிரிக்தா கழுத்தை நீட்டி, பியூனிக்கில் கத்தியது. "ஐயோ ராஜா! உங்க பின்னங்காலுக்குப் பக்கத்துல விரியன்!"

சிங்கம் ஒரே தாவில் தான் உட்கார்ந்திருந்த பாறையை விட்டுக் குதித்து, தலைகுப்புற முள்ளுக்குள் விழுந்தது. பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை.

பிரிக்தா முன்னால் போய் நின்றது. "துபாஷி இன்னும் வாயே திறக்கலையே! யார் சொல்லிக் குதிச்சீங்க ராஜா?"

பிரிக்தா இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தது.

"உங்க காலுக்கு ஆபத்துன்னா என் பாஷை புரியுது. என் பிள்ளை செத்ததுன்னா புரியலையா? நாங்க பேசறதைப் பேசினா உங்க பிடரி உதிர்ந்துடுமா?"

"சொல்லு பிரிக்தா, சொல்லு!" என்று ஆடுகள் தங்கள் பாஷையில் கத்தின. பூனை கிரேக்கத்தில் வைதது. கழுதை கூடத் தோலை மறந்து கத்தியது. ஆளுக்கொரு மொழி. ஆனால் எல்லோருக்கும் நரி மேல் ஒரே புகார்!

சிங்கம் முள்ளை உதறிக்கொண்டு எழுந்தது. சுற்றிலும் பார்த்தது. இனி நடித்தால் முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே சிரிப்பார்கள் என்று தெரிந்துவிட்டது.

"ஓடுடா! இனிமே இந்தக் காட்டுல உன் வால் தெரிஞ்சா, உடம்புல இருக்காது!" என்று நரியைப் பார்த்து உறுமியது. நல்ல சுத்தமான பியூனிக்!

நரி ஒலிவ மரங்களுக்கிடையே ஓடி மறைந்தது.

"நியாயம் கிடைச்சதே, நன்றி சொல்லும்மா," என்று ஆமை இடித்தது.

"எதுக்கு? முதல்லயே காதைத் திறந்திருந்தா இவ்வளவு நாடகமா?" என்று சொல்லிவிட்டு, பிரிக்தா மிச்சமிருந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தது.

ஏழை சொல் புரிந்தும் புரியாததுபோல் உட்கார்ந்திருக்கும் ராஜா, தின்ற நரியைவிடப் பெரிய குற்றவாளி.