மூன்று அப்பாவிகள்

புஷ்பவனம் வாத்தியார் முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் காதைத் திருகுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தார்.

அவருக்கு ஒரே மகள். இளவெயினி என்று ஆசை ஆசையாகப் பெயர் வைத்தார். ஊர் அதை வெயினி என்று சுருக்கிக்கொண்டது. வக்கீலுக்குப் படித்தவள், கோர்ட்டில் இருந்த நேரத்தைவிட அடிபட்டவர்கள் வீட்டில் இருந்த நேரம்தான் அதிகம்.

இசக்கிமுத்து என்ற லோடுமேனை விசாரணைக்கென்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் அவன் பிணமாகத் திரும்பினான். வெயினியும் அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கி, பார்த்தவர்களைக் கேட்டு, அறுபது பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். அடித்தவர்களின் பெயரும் அதில் இருந்தது. சும்மா விடுவார்களா? மூன்று பேரையும் தடுப்புக் காவலில் உள்ளே தூக்கிப் போட்டார்கள். வழக்கு விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது. நூற்று நாற்பது நாள் ஓடிவிட்டது.

வாத்தியார் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். "மனித உரிமைக்காகப் பாடுபட்ட மூவரையும் விடுதலை செய்க" என்று ஒரு மனு எழுதி, பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார்.

"என்ன செஞ்சாங்க சார்?" என்று கேட்பார்கள்.

வாத்தியார் விவரமாகச் சொல்வார். போலீஸ் என்ற சொல் வந்ததுமே எதிரே நிற்பவருக்குச் சரியாக பஸ் வந்துவிடும். ஒரு வாரத்தில் பதினேழு கையெழுத்து. அதிலும் மூன்று சொந்தக்காரர்கள் போட்டது.

அப்புறம்தான் அவருக்கு அந்தச் சொல் வாய்த்தது. மனுவை மாற்றி எழுதினார்: "ஒன்றும் செய்யாத, ஒன்றும் அறியாத இந்த அப்பாவிகளை விடுதலை செய்க."

அவ்வளவுதான். "அடப்பாவமே, ஒண்ணும் தெரியாத பிள்ளைகளையா பிடிச்சு வச்சிருக்கான்?" என்று பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஜவுளிக்கடை முதலாளி கடையாட்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்திப் போடவைத்தார். மாதம் முடிவதற்குள் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

கையெழுத்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார். இதுவரை முகம் கொடுத்துப் பேசாத அதிகாரி அன்றைக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நல்ல வார்த்தை போட்டிருக்கீங்க சார். அப்பாவி! வெள்ளிக்கிழமை மறுஆய்வுக் குழு கூடுது. காலையில இதைக் கொண்டுவந்து குடுங்க. கூடவே, தெரியாம செஞ்சிட்டோம்னு மூணு பேரும் ஒரு வரி எழுதித் தரட்டும். சாயங்காலம் உங்க பொண்ணு வீட்டுல இருப்பா."

"நிஜமாவா சார்?"

"அந்த அறிக்கையும் விவரம் தெரியாதவங்க எழுதினதுன்னு ஆயிடும். அதோட முடிஞ்சிரும். எல்லாருக்கும் நல்லதுதானே?"

சாயங்காலம் வீட்டில் இருப்பாள் என்பதற்குப் பிறகு அதிகாரி சொன்ன எதுவும் வாத்தியாரின் காதில் ஏறவே இல்லை.

சிறையில் ஆளைப் பார்ப்பதற்கும் மனு என்றுதான் பெயர். புதன்கிழமை மனு போட்டு மகளைப் பார்த்தார். இரட்டைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற வெயினி பாதி ஆளாக இருந்தாள். பேசுவதற்கு முன்னால் இருமினாள், பேசி முடித்ததும் இருமினாள்.

"வெயினி, வெள்ளிக்கிழமை விடுதாங்க! நாலாயிரம் கையெழுத்து!"

"நாலாயிரமா? நம்ம ஊர்லயா?" அவள் கண்ணெல்லாம் விரிந்தது. "படிங்கப்பா, கேக்கேன்."

வாத்தியார் மேடையில் படிப்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு படித்தார். படித்து நிமிர்ந்தால் மகள் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருப்பா அப்பாவி?"

"நீதான். நீங்க மூணு பேரும். தெரியாம செஞ்சிட்டோம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதுமாம்."

"எப்பா, நீங்க தமிழ் வாத்தியார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"குத்தம் செய்யாதவங்கன்னு அர்த்தம். வேற என்ன?"

"ரெண்டாவது அர்த்தம்?"

வாத்தியார் மனுவை மடித்தார்.

"இதைக் குடுக்காதீங்க. நான் ஒரு வரியும் எழுதித் தரமாட்டேன். அவங்க ரெண்டு பேரும் தரமாட்டாங்க."

"ஏண்டி, உனக்குப் பைத்தியமா? வெளிய வரணும்னு ஆசையில்லையா?"

"ஆசையில்லாமயா? ராத்திரி பகலா அதே நெனப்புதான்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. நேரம் முடிந்துவிட்டதென்று காவலர் கையைக் காட்டினார்.

வாத்தியார் வெளியே வந்து மரத்தடியில் நின்றார். எந்தப் பக்கம் பஸ் ஏறவேண்டும் என்பதுகூட அவருக்கு மறந்துபோயிற்று. உள்ளே இருப்பவளை வெளியே கொண்டுவருவதற்கு ஊரெல்லாம் நாயாய் அலைகிறோம். அவளானால் கோபப்படுகிறாள். வரவும் வேண்டும் என்கிறாள், வரவும் மாட்டேன் என்கிறாள். என்ன எழவு கணக்கு இது?

குழப்பம் வந்தால் அவர் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஊருக்குத் தெற்கே, செங்கல் சூளைக்கு அடுத்த ஓலைக்கொட்டகை. அங்கே வடிவம்மா என்று ஒரு துறவி. வாத்தியாரின் மனைவி காலமான வருஷம், தூக்கம் கெட்டுத் திரிந்தவர், யாரோ சொல்லி அங்கே போய் உட்கார்ந்தார். அன்றைக்கே சீடராகிவிட்டார். அவருக்கு அறுபத்துமூன்று வயசு, குருவுக்கு நாற்பது. மகள் வயசுக்காரியை அம்மா என்று கூப்பிடுகிறாரே என்று ஊர் சிரிக்கும். அம்மாவோ அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

வியாழக்கிழமை காலை அவர் போனபோது அம்மா கூரைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே பிடிபடலைம்மா" என்று ஆரம்பித்து, வாத்தியார் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மனுவை வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல மெதுவாகப் படித்தார். பிறகு கையெழுத்துத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பேச்சித்தாய் எங்க?"

"இசக்கிமுத்தோட அம்மாவா? அவங்களை நான் கேக்கல."

"ஏன்?"

"பாவம், நொந்துபோயிருக்கிற மனுஷி. அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..."

"கேட்டுட்டு வாங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைம்மா! நாலாயிரத்துக்கு மேல இருக்கு. இன்னும் ஒரு கைநாட்டுல என்ன ஆகப்போகுது? நான் கேட்டது வேற, நீங்க சொல்லுதது வேற."

அம்மா கீற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இனி வாயைத் திறக்கமாட்டார் என்று வாத்தியாருக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

பேச்சித்தாய் கிடங்குத் தெருவில் கடலை வறுத்து விற்கிறவள். வெயினியின் அப்பா என்றதும் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"வெயினிக்கா? இத முதல்லயே கேக்கக் கூடாதா சார்? கொண்டாங்க!" என்று கட்டைவிரலை மையில் அழுத்திக்கொண்டாள். வைக்கப்போனவள் நிறுத்தினாள். "ஒருதடவை படிச்சுச் சொல்லிருங்க. படிச்சுக் கேக்காம எதுலயும் கைநாட்டு வைக்கக் கூடாதுன்னு வெயினி சொல்லியிருக்கா."

வாத்தியார் படித்தார். இந்தத் தடவை ஏற்ற இறக்கம் எதுவும் வரவில்லை.

"ஒண்ணும் தெரியாதவளா? வெயினியா?"

"மனுன்னா அப்படித்தான் எழுதணும். அது ஒரு பேச்சுக்கு."

பேச்சித்தாய் யோசித்தாள். விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்ப எம்புள்ளைய அடிச்சுத்தான் கொன்னாங்கன்னு அவ எழுதினாளே. அதுவும் தெரியாம எழுதினதா சார்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். படித்தவர், வெயினிக்கே அப்பா, இவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ வெளிய வரணும் சார். தெனமும் கும்பிடுதேன். ஆனா இதுல எப்படி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல." விரலிலிருந்த மையைச் சுவரில் துடைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிப் போனாள். கடலை கருகிப்போயிருந்தது.

மத்தியானம் கொட்டகைக்குள் நுழையும்போதே வாத்தியார் கத்தினார்.

"எதுக்கு என்னைய அங்க அனுப்புனீங்க? இருந்த குழப்பம் போதாதா? செத்தவன் இனிமே வரமாட்டான். உள்ள இருக்கிறவ வரலாம்ல! அந்த ஒரு வரியை நான் எப்படியாவது கெஞ்சி வாங்கிருவேன். அவ இருமுறதைக் கேட்டீங்களா நீங்க? எம்மக எனக்கு வேணும்மா." சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வெயினி என்ன செஞ்சா, வாத்தியாரே?"

"ஒண்ணும் செய்யலம்மா."

"என்ன செஞ்சா?"

"அதான் சொன்னேனே, ஒரு பாவமும் செய்யலன்னு."

"செய்யாததைக் கேக்கல. செஞ்சதைச் சொல்லுங்க."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எரிச்சலோடுதான் ஆரம்பித்தார். ஒன்பது நாள் பேச்சித்தாய் வீட்டுக்குப் போனாள். எல்லாரும் புதைத்துவிடு என்று சொன்னபோது, மறுபடியும் உடலைப் பரிசோதிக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். பார்த்ததைச் சொல்லப் பயந்த டீக்கடைக்காரரை நாலு தடவை போய்ப் பார்த்தாள். ஐந்தாவது தடவை அவரே தேடிவந்து சொன்னார். அடித்தவர்கள் பெயரை எடுத்துவிட்டால் விட்டுவிடுகிறோம் என்று ஓர் ஆள் வீட்டுக்கே வந்து சொன்னபோது, அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, பெயர்களைக் கொட்டை எழுத்தில் போட்டாள். சொல்லச் சொல்ல வாத்தியாரின் குரலில் எரிச்சல் போய்விட்டது. நடுவில் ஒருமுறை சிரித்தார்கூட. இதில் பாதியை இதுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

அவர் முடித்ததும் அம்மா அவருடைய பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவையும் வாங்கினார். தாளின் அடியில் வடிவம்மாள் என்று கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு, மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னம்மா இது? மேல ஒண்ணுமே எழுதலையே."

"நீங்க எழுதுங்க. இப்ப சொன்னதை."

வாத்தியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் நாலாயிரம் கையெழுத்து. இன்னொரு பக்கம் சூளைக்காட்டில் கிடக்கிற ஒரு துறவியின் கையெழுத்து, அதுவும் வெறும் தாளில்.

"இதை எழுதினா நாளைக்கு அவளை விடமாட்டாங்க. ஊர்ல இனி ஒருத்தன் கையெழுத்துப் போடமாட்டான். மறுபடியும் பதினேழுல இருந்து ஆரம்பிக்கணும்."

"ஆமா."

"உங்களையும் வந்து கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அம்மா, ஒண்ணுமே செய்யலன்னு சொன்னா நாளைக்கே விட்டுருவாங்க. அந்த ஒரே ஒரு சொல்லு! அதைச் சொல்லி எம்புள்ளையக் கூட்டிட்டு வந்தா என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க."

அம்மாவுக்கும் கண் கலங்கியிருந்ததை வாத்தியார் பார்த்தார்.

"ஒண்ணுமே செய்யாதவங்க வெளியில நாம ஏற்கெனவே இத்தனை பேரு இருக்கோமே, வாத்தியாரே. இன்னும் மூணு பேரு எதுக்கு?"