நாற்பது நத்தைகள், மூன்று ஆய்வாளர்கள்

தாமிரபரணிக் கரையோரம் ஒரு கல்லூரி. அங்கே விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் அந்த வருஷம் மொத்தமே மூன்று பேர்தான்: சுடலைமணி, ஜெபராஜ், பேச்சியம்மாள். மூவரையும் கெட்டிக்காரர்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைகள் என்று எல்லோருமே சொல்வார்கள். அவர்களுக்கு வந்த சங்கடமெல்லாம் இதனால் வந்ததுதான்.

கடைசிப் பருவத்தில் மூவரும் சேர்ந்து ஓர் ஆய்வேடு கொடுக்க வேண்டும். வழிகாட்டி ஹெப்சிபா மேடம். குளத்து நத்தைக்கு முருங்கைக்கீரை போட்டால் சீக்கிரம் வளருமா என்பதுதான் ஆய்வு. இந்தப் பிள்ளைகள் தப்புப் பண்ண வழியே இல்லாத தலைப்பாக ஒரு வாரம் யோசித்து மேடமே எடுத்துக் கொடுத்தது அது.

பிப்ரவரியில் மகளின் பிரசவத்துக்காக மேடம் பெங்களூர் கிளம்பினார்.

"ஏப்ரல் இருபதுக்குள்ள ஏடு வரலைன்னா மூணு பேருக்கும் ஒரு வருஷம் போச்சு. சந்தேகம்னா போன் பண்ணுங்க. நான் சொல்றதை மட்டும் செஞ்சாப் போதும்."

பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜூன் மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது, பட்டம் மட்டும்தான் பாக்கி. "நீங்க சொல்லாம ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டோம் மேடம்" என்றாள். மேடம் நிம்மதியாக ரயிலேறினார்.

முதல் வேலையைப் போனில் சொன்னார். "நத்தையைப் பத்தி இதுவரைக்கும் யார் யார் என்னென்ன சொல்லியிருக்காங்கன்னு தேடி எழுதுங்க. பேரு, வருஷம் விடக் கூடாது."

மூவரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். நான்கு நாளில் பதினொரு பக்கம் சேர்ந்தது. அதில் முதல் பக்கம் இப்படி இருந்தது: 'நத்தையைப் பற்றி ஆவுடையப்பன் (டீக்கடை, 2023), "சீச்சீ" என்கிறார். இக்கருத்தை அவர் மனைவியும் (2023) வழிமொழிகிறார். ஆனால் ஆட்டோ ஓட்டுநர் மிக்கேல் (2023) இதிலிருந்து மாறுபட்டு, "மழைக்காலத்துல பாவம்லா அதுக" என்கிறார்.'

அடுத்தது நத்தை. குளத்தில் இறங்கி நாற்பது பிடித்தார்கள். மேடம் சொன்னார்: "ரெண்டு தொட்டி வைங்க. ஒண்ணுல இருபது, அதுக்குக் கீரை. இன்னொண்ணுல இருபது, அதுக்கு எப்பவும் போலப் பாசி. ஒப்பிட்டுப் பார்க்க அந்த இருபதைக் கன்ட்ரோலா வச்சுக்கோங்க."

போனை வைத்ததும் விவாதம் ஆரம்பித்தது.

"கீரைத் தொட்டிய எப்படி வேணாலும் விட்டுரலாம்" என்றான் ஜெபராஜ். "பாசித் தொட்டியத்தான் கன்ட்ரோல்ல வைக்கணும்னு சொல்லிட்டாவ."

"நத்தைய எப்படில கன்ட்ரோல் பண்ண?" என்றான் சுடலைமணி.

"அதுக எதுக்கு அடங்கும்னு கண்டுபிடிச்சிரணும். அதானல ஆய்வு."

அன்றிலிருந்து சுடலைமணி கையில் ஸ்கேலோடு பாசித் தொட்டி முன்னால் காவல் இருந்தான். நத்தை ஏதாவது கண்ணாடி மேல் ஏறினால் "ஏய், இறங்கு" என்று அதட்டுவான். அது இறங்க அரைமணி நேரம் ஆகும். தான் சொல்லித்தான் இறங்கியது என்று அவனுக்கு ஒரே பெருமை. கீரைத் தொட்டி நத்தைகள் மேசை, நாற்காலி, ஜன்னல் என்று உலாத்தின. அதுகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் பேச்சியம்மாள் பொறுக்கிக்கொண்டு வந்து போடுவாள்.

இரண்டாம் வாரம் மேடம் கேட்டார்: "தண்ணியைத் தினமும் மாத்தணும், தெரியும்ல?"

தெரியாமல் என்ன? தினமும் காலையில் கீரைத் தொட்டித் தண்ணீரைப் பாசித் தொட்டிக்கும், பாசித் தொட்டித் தண்ணீரைக் கீரைத் தொட்டிக்கும் மாற்றினார்கள். நடுவில் ஊற்றி வைக்க ஒரு வாளி வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் அவர்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பத்தாம் நாள் துறை முழுக்க நாற்றம் கிளம்பியது.

"மேடம், தண்ணி நாறுது."

"தினமும் மாத்துறீங்களா?"

"ஒருநாள் விடாம மாத்துதோம் மேடம்."

"அப்போ கீரை அதிகமாப் போடுறீங்க. குறைங்க."

குறைத்தார்கள். பாசித் தொட்டிக்குத்தான் தண்ணீரோடு பாதிக் கீரை தினமும் போய்க்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். "எந்த நத்தை எதுன்னு தெரியணும். ஒவ்வொண்ணுக்கும் அடையாளம் வைங்க" என்றார் மேடம். ஓட்டில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்தால் முடிந்தது. ஆனால் பேச்சியம்மாள் தன் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். அதில் அங்க அடையாளம் என்று இரண்டு போட்டிருந்தது. "ஆளுக்கு ரெண்டு வேணும்" என்றாள்.

ஆளுக்கு இரண்டு என்று நாற்பது நத்தைக்கு எண்பது அடையாளம். மூன்று நாள் மூவரும் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். 'நத்தை 9: ஓட்டின் இடப்பக்கம் ஒரு கீறல். வலது கொம்பு சற்றே குட்டை.' 'நத்தை 28: முதுகில் பழுப்புக் கோடு. கூப்பிட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.' வெள்ளிக்கிழமைதோறும் ஜெபராஜ் அடையாளத்தை வாசிக்க, சுடலைமணி ஆளைத் தேடி எடுக்க, பேச்சியம்மாள் தராசில் வைப்பாள். ஒரு தடவை எடை பார்க்க ஒரு பகல் முழுசாகப் போகும். நடுவில் பதினாறாம் நத்தை இரண்டு நாள் காணாமல் போனபோது ஜெபராஜுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு மூவரும் ஆவுடையப்பன் கடையில் பஜ்ஜி சாப்பிட்டார்கள்.

ஒருவழியாக ஏடு தட்டச்சாகி, பைண்ட் ஆகி வந்தது. மேடம் அதைப் பார்க்கவே இல்லை. பேத்திக்கு மஞ்சள் காமாலை. ஏப்ரல் இருபது காலையில்தான் வந்து சேர முடியும் என்றார். முந்தின நாள் போனில் கடைசியாக ஒன்று சொன்னார்.

"நாளைக்கு வெளியூர்ல இருந்து ஏட்டைப் பார்த்து மார்க் போட பிரமநாயகம் சார் வர்றாரு. பயங்கரக் கறார். ஏட்டைக் கிழிகிழின்னு கிழிச்சிருவாரு. பயப்படாதீங்க. அசராம நின்னு நீங்கதான் ஏட்டைக் காப்பாத்தணும்."

மறுநாள் ரயில் தாமதம். மேடத்துக்கு முன்னால் பிரமநாயகம் வந்துவிட்டார். அறுபதை நெருங்கிய மனிதர். உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, கையை நீட்டினார்.

"ஏட்டைக் கொடுங்க."

ஜெபராஜ் ஏட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"தம்பி, ஏட்டைக் கொடுப்பா."

"காட்டுதோம் சார். கைக்கு மட்டும் தர முடியாது."

அறையின் அந்தக் கோடியில் நின்று பேச்சியம்மாள் ஏட்டை விரித்துப் பிடித்தாள். நடுவில் சுடலைமணி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். பிரமநாயகம் எழுந்து இடப்பக்கம் வந்தால் அவனும் இடப்பக்கம் வந்தான். வலப்பக்கம் போனால் வலப்பக்கம் போனான். முப்பது வருஷ அனுபவத்தில் அவருக்கு இப்படி நேர்ந்ததில்லை. களைத்துப்போய் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கித் தூரத்திலிருந்தே படித்தார். ஆவுடையப்பன் (2023) வந்ததும் ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"ரெண்டு தொட்டியும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கே, ஏன்?"

"ரெண்டும் ஒரே தண்ணியில்லா சார் குடிச்சுது" என்றான் ஜெபராஜ்.

"சரி, இந்த இருபத்தெட்டாம் நத்தை மட்டும் எடை குறைஞ்சிருக்கே?"

"அது தனியா இருந்தாத் திங்காது சார்" என்றாள் பேச்சியம்மாள். "முப்பத்தொண்ணு பக்கத்துல இருக்கணும். முப்பத்தொண்ணு நாலு நாளாப் பகல்பூரா ஜன்னல்ல இருந்துச்சு, அதான் வாடிட்டு."

"பதினாறு?"

"அலமாரிக்குப் பின்னால ரெண்டு நாள் பட்டினி சார்" என்றான் ஜெபராஜ். "இப்ப தேறிட்டு."

பிரமநாயகம் நாற்பதையும் கேட்டார். நாற்பதுக்கும் பதில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்ப்யூட்டர்ல இருந்து கணக்கை எடுத்து ஒட்டிட்டு வர்ற பிள்ளைகளைத்தான் இத்தனை வருஷமாப் பார்க்குறேன். நத்தையைப் பார்த்த பிள்ளைகளை இன்னைக்குத்தான் பார்க்குறேன். பாஸ்."

"இனிமே கிழிக்க மாட்டீகள்லா சார்?" என்று உறுதி வாங்கிக்கொண்டு பேச்சியம்மாள் ஏட்டைக் கையில் கொடுத்தாள். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, தலைப்பிலிருந்து கடைசி வரிவரைக்கும் சுழித்துத் தள்ளினார். அந்த நேரத்தில் மேடம் பெட்டியோடு ஓடிவந்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ் போட்டாச்சும்மா" என்றார் பிரமநாயகம். "எழுத்துப்பிழைதான் ஏகப்பட்டது. சுழிச்சதையெல்லாம் எடுத்துட்டு அஞ்சு மணிக்குள்ள நூலகத்துல கொடுத்திரட்டும். கொடுத்தாத்தான் மார்க் போகும்."

அஞ்சு மணிக்கு அதிக நேரமில்லை. மூவரும் ஆளுக்கொரு பிளேடோடு உட்கார்ந்தார்கள். ஒரு சுழி விடாமல் வெட்டி எடுத்தார்கள். நாலே முக்காலுக்கு நூலகர் ஜமீலா அக்காவிடம் ஏட்டை நீட்டினார்கள்.

அக்கா முதல் பக்கத்தைப் பார்த்தார். தலைப்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அடுத்தடுத்த தாள்களிலும் அதே இடத்தில் ஜன்னல்.

"என்னப்பா இது?"

"பிழையெல்லாம் எடுத்துட்டோம்க்கா" என்றான் சுடலைமணி. "இப்ப ஒண்ணுகூடக் கிடையாது."

வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அக்கா நூலக முத்திரையை எடுத்து முதல் பக்கத்தின் நடுவில் ஓங்கிக் குத்தினார். தூக்கிப் பார்த்தால் முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"சீல் எங்க?"

ஜெபராஜ் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். "ஏழாம் பக்கத்துல விழுந்திருக்குக்கா. நல்லாத் தெளிவா விழுந்திருக்கு."

"ஏழாம் பக்கத்துலயா? ஐயோ, அது பிழையாச்சே!" என்றார் அக்கா.

மூவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி நாலு ஐம்பது.

"பதறாதீங்கக்கா" என்று சுடலைமணி பையிலிருந்து பிளேடை எடுத்தான். "அஞ்சு மணிக்குள்ள எடுத்திருதோம்."