வழுக்கிப் போன வாழையிலை

மெல்சோரா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூடியைத் திருப்பித் திருப்பி அழுத்த, துருவல் சட்டியில் பொலபொலவென்று விழுந்தது. எண்ணெய் காய்ச்ச இன்னும் ஒரு கூடைத் தேங்காய் பாக்கி.

எதிரில் டெல்ஃபின் வாழையிலையைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தான். ஆறேகால் அடி ஆள். அந்த வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாது. வந்த புதிதில் தினம் ஒருமுறையாவது தலையில் இடித்துக்கொள்வான். இப்போது பழகிவிட்டது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் பனாய் என்று ஒரு தீவு. அதில் கடலை ஒட்டின சின்ன ஊர். அங்கே சுளுக்கு வழிக்கிறவள் மெல்சோரா. பிள்ளைப்பேறும் பார்ப்பாள். டெல்ஃபினைவிட நாலு வயதுதான் கூட. ஆனாலும் அவனும் ஊரும் அவளை மனாங் என்றுதான் கூப்பிடுவார்கள். நம் பக்கத்தில் அக்கா என்கிற மாதிரி.

டெல்ஃபின் சாதாரண ஆள் இல்லை. மணிலாவில் பதினைந்து வருஷம் கூடைப்பந்து ஆடியே பிழைத்தவன். ஊரில் முடிவெட்டுகிற கடையில் மாதா படத்துக்கு அடுத்தபடி அவன் படம்தான். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும், பிள்ளைகளுக்குப் பந்து ஆடச் சொல்லிக்கொடு என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். அவன் மாட்டேன் என்றுவிட்டு, இந்த வாசலில் வந்து நின்றான். தொழில் கற்றுக்கொடுங்கள் மனாங் என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எண்ணெய் காய்ச்சத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றான். உட்காரு என்றாள். அதாச்சு ஐந்து மாதம்.

அன்று காலையில் ஊர்த் தலைவர் வந்து போயிருந்தார். ஆட்டக் களத்துக்குப் புதுசாகக் கூரை போட்டாயிற்றாம். அதற்கு டெல்ஃபின் பேரையே வைக்கிறார்களாம். சனிக்கிழமை பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிக்கிறார், பன்றி வறுக்கிறோம், நீ மாலைக்கு மட்டும் குனிந்து கொடுத்தால் போதும், எங்களுக்கு எட்டாது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

டெல்ஃபின் சரி என்று தலையை ஆட்டினான்.  அவன் தொடாத காலைச் சோறு ஈ மொய்த்துக் கிடந்தது.

"மனாங்."

"ம்."

"நேத்து அந்த மீன்காரம்மா காலில் இலை இழுத்தேனே."

"இழுத்தே. நல்லாத்தான் இழுத்தே."

"ஒட்டிக்கிச்சு."

"சுளுக்கு இருந்தா ஒட்டும்."

அவர்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். வாழையிலைத் துண்டில் தேங்காய் எண்ணெய் தடவி நோயாளியின் உடம்பில் மெல்ல இழுப்பார்கள். நல்ல இடத்தில் இலை வழுக்கிக்கொண்டு போகும். நோவு உள்ள இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆள் வாயால் எதைச் சொன்னாலும் அவர்கள் இலையைத்தான் நம்புவார்கள். டெல்ஃபின் தன் கையால் இழுத்து, இலை ஒட்டி நின்றதைப் பார்த்தது நேற்றுதான் முதல் தடவை.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் காலிலும் இழுத்தீங்க."

"இழுத்தேன்."

"ஒட்டிச்சா?"

"இல்லை. வழுக்கிக்கிட்டுப் போச்சு."

துருவுகிற சத்தம் நிற்கவே இல்லை. டெல்ஃபினுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தான். இவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஐந்து மாதமாகச் சோறு போட்டிருக்கிறாள்.

அது கோப்பைக்கான கடைசி ஆட்டம். முடிய நாலு நொடி. ஒரு புள்ளி குறைவு. பந்தோடு எகிறினவனை எதிராளி இடித்துத் தள்ளிவிட்டான். அதற்குத் தண்டனையாக டெல்ஃபினுக்கு இரண்டு எறி கிடைத்தது. யாரும் குறுக்கே வர மாட்டார்கள். கோட்டில் நின்று எறிய வேண்டியதுதான். இரண்டும் விழுந்தால் கோப்பை.

விழுந்து கிடந்த இடத்தில் அவன் காதில் அரங்கம் முழுக்க அவன் பேரைக் கத்துகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கணும். போய் நிற்கணும். தவறிவிட்டால்? அவன் கை கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாளே சுளுக்கு வழிக்க ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

அடிபட்டவனால் முடியாவிட்டால் அவனுக்குப் பதில் இறங்குகிறவன் எறிய வேண்டும். இறங்கினவன் ரோமுலோ. இதே ஊர்க்காரன். ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், உடம்புகூடச் சூடாகவில்லை. இரண்டையும் தவறவிட்டான்.

அடுத்த வருஷம் அவனை எந்த அணியும் எடுக்கவில்லை. இப்போது ஊரில் பக்கத்தொட்டி வைத்த மோட்டார் வண்டி ஓட்டுகிறான். அவன் வண்டியில் போகிறவர்கள் இறங்கும்போது, தவறாமல் இறக்கிவிட்டியே ராசா, ரெண்டுக்கு சைபர் வாங்கினவனா நீ என்பார்கள். அவனும் கூடச் சிரிப்பான். டெல்ஃபினுக்கு அந்தக் கால்தான் பேரை வாங்கிக் கொடுத்தது. காலைக் கொடுத்து ஆடினவன் என்றார்கள். அது நன்றாக இருந்திருந்தால் கோப்பை நம்முடையது என்றார்கள்.

"ஏன் மனாங் அப்பவே கேக்கலை?"

"உங்கம்மா பக்கத்துல நின்னா. வெளியில ஊரே நின்னுச்சு. நானும் இலையை வச்சு, துணி சுத்தி, கட்டுப் போட்டு அனுப்பினேன்." அவள் மூடியைத் திருப்பினாள். "நல்ல காலுக்கு."



"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அந்தச் சட்டியை இப்படித் தள்ளு."

தள்ளினான். பிறகு தானாகவே சமாதானம் சொல்ல ஆரம்பித்தான். எத்தனை வருஷம் ஆகிவிட்டது, ரோமுலோ இதையெல்லாம் மறந்திருப்பான், ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்றான்.

"மறந்துட்டான்னு அவன் சொன்னானா?"

"நான் அவன்கிட்ட பேசினதில்லை. அவன் வண்டியில ஏறினதில்லை."

அது உண்மை. எங்கே போனாலும் நடந்தேதான் போவான். எவ்வளவு பேர் எடுத்தும் கர்வமில்லாமல் நடக்கிறான் பார் என்று ஊர் அதையும் பெருமையாகப் பேசியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ரோமுலோதான். ஒரு கையாலேயே ஓட்டி வந்திருந்தான். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. சட்டையெல்லாம் நீலப் பெயின்ட். கூரை விட்டத்தில் டெல்ஃபின் பேரை எழுதுகிற வேலையை அவனே கேட்டு வாங்கியிருந்தான். மூன்று எழுத்து முடிந்தது, நாலாவது எழுத்தில் ஏணி சறுக்கிவிட்டது என்றான்.

மெல்சோரா எழுந்திருக்கவில்லை. "என் கையெல்லாம் துருவல். டெல்ஃபின், நீ பாரு."

டெல்ஃபின் எண்ணெய் தொட்டு இலையை இழுத்தான். முழங்கையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்த இலை மணிக்கட்டில் ஒட்டி நின்றது. அந்தக் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு மெதுவாக நீவ ஆரம்பித்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாத்துண்ணே," என்றான் ரோமுலோ. "ஊருக்கே தெரிஞ்ச கை இது." அவனே சொல்லி அவனே சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

அவன் சிரிப்பும் அடங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. நீங்க இங்க வந்ததுலேருந்து சொல்லணும்னு பாக்குறேன், நீங்க வண்டியில ஏறவே மாட்டேங்குறீங்க. கோவம்தான்னு தெரியும். நீங்க காலைக் கொடுத்தீங்க. நான் ரெண்டு எறியைக் கூடையில போட்டுக் கொடுக்கலை. உங்க கோப்பையைத் தொலைச்சது நான்தான். பாதிரியார்கிட்டகூட சொல்லிட்டேன். உங்க முகத்தைப் பாத்துச் சொல்லத் தைரியம் வரலை. அதான் பேராவது எழுதிக் கொடுக்கலாம்னு போனேன். மன்னிச்சிடுங்க."

டெல்ஃபினின் விரல்கள் நின்றுவிட்டன. எண்ணெய் அவன் முழங்கை வரை வழிந்தது.  

தேங்காய் துருவுகிற சத்தமும் நின்றிருந்தது.

"ரோமுலோ," என்றாள் மெல்சோரா. "அந்த ஆட்டம் முடிஞ்சு வந்தப்ப இவன் காலுக்கு இங்கதான் கட்டுப் போட்டேன்."

"தெரியும் மனாங். உள்ள வர முகமில்லாம வேலிக்கு அந்தப் பக்கம் நின்னேன்."

"நீ நின்னதைப் பாத்தேன். பாத்துட்டும் கட்டினேன். கட்டியிருக்கக் கூடாது. அது நான் செஞ்ச தப்பு. உன் முகத்துக்கு நேரா இன்னிக்குத்தான் சொல்றேன்."

"கட்டுப் போட்டது தப்பா? எனக்குப் புரியலையே."

அடுத்த வீட்டிலிருந்து குரல் வந்தது. மருமகளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, மனாங் உடனே வரணுமாம். மெல்சோரா எழுந்து பானைத் தண்ணீரில் கையைக் கழுவினாள். டெல்ஃபினும் அவளோடு போக எழுந்தான்.

"நீ எங்க வர்றே? உட்காரு."

"மனாங், நான் எப்படி..."

"என் பங்கை நான் சொல்லிட்டேன்."

ரோமுலோ இவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். கை இன்னும் டெல்ஃபின் கைக்குள்தான் இருந்தது. அடுத்த வீட்டில் மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"டெல்ஃபின், நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் கையை விடாதே."