பதினோரு எருமைகள் இறங்கும் கரை

"அம்மா, அந்த எருமைகளை நிறுத்தச் சொல்லுங்க" என்றார் வேதமூர்த்தி.

அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

மடத்தின் குரு மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் வேதமூர்த்திக்கு அறுபத்தொன்று. முப்பது வருடம் ரோடு வேலையில் ஆள்களை மேய்த்துவிட்டு, மனசு அடங்க வேண்டும் என்று இந்த ஆற்றங்கரை மடத்துக்கு வந்தவர். குரு அவரிடம் கரையைக் காக்கும் வேலையைக் கொடுத்தார்.

போன வெள்ளம் சரிவில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. இன்னும் பத்தடி போனால் மடத்துச் சமையல்கட்டும் அதை ஒட்டிய ஏழு வீடுகளும் போய்விடும்.

வேதமூர்த்தி சரிவு முழுக்க சிமெண்ட் கற்கள் பதித்தார். ஒவ்வொரு கல்லிலும் கையகலத்துக்கு ஓட்டைகள். ஓட்டைகளில் மண் நிரப்பி அருகம்புல் நட்டார். புல் வேர்விட்டுக் கல்லையும் மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் கரை நிற்கும்.

மழைக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஆனால் இசக்கியம்மாளின் பதினோரு எருமைகள் அந்தச் சரிவில்தான் தினமும் இரண்டு வேளை தண்ணீருக்கு இறங்கின.

"மூணு தடவை நட்டாச்சு. மூணு தடவையும் மிதிச்சுக் கூழாக்கிட்டுதுக."

"எருமைக்குத் தண்ணி வேணுமே அண்ணாச்சி."

"வேற பக்கமா இறங்கட்டும்."

"வேற பக்கம் செங்குத்தால்லா இருக்கு."

"அப்போ புல்லு?"

"புல்லும் வேணும்" என்று சொல்லிவிட்டு குரு கீரை ஆயத் தொடங்கினார்.

மறுநாள் வேதமூர்த்தி கருவேல முள்ளை வெட்டிவந்து சரிவின் மேல்முனையில் வேலி போட்டார். கையெல்லாம் கீறல்.

காலையில் வேலி இல்லை.

"யார் எடுத்தது?"

"நான்தான்" என்றார் குரு. "மாட்டு மடியைக் கிழிச்சிரும்."

வேதமூர்த்தி கீறல் விழுந்த கைகளை நீட்டினார். "என் கீழ நாப்பது பேர் வேலை பார்த்தாங்க. தார் காயுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒருத்தன் கால் வைக்க மாட்டான். இங்க எருமைகூட என்னை மதிக்கலை. நீங்களும் மதிக்கலை. நான் ஊருக்குப் போறேன்."

"போங்க. எருமை எங்க கால் வைக்குதுன்னு பார்த்துட்டுப் போங்க."

"எங்க வைக்கும்? புல்லு மேலதான்."

"நல்லாப் பாத்தியளா?"

வேதமூர்த்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சரிவின் மேல்முனையைத் தாண்டும்போது எருமைகள் வந்துவிட்டன. வழி விட வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

குளம்பு ஓட்டையைவிட அகலம். எங்கே வைத்தாலும் கல்லின் விளிம்பில்தான் உட்கார்ந்தது. ஆனால் அவர் மண்ணைக் கல்லுக்கு மேல் குவியலாக நிரப்பித் தட்டி வைத்திருந்தார். அழகாக இருக்க வேண்டும் என்று. அந்தக் குவியலும் அதிலிருந்த புல்லும் குளம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கின.

கடைசி வரிசையில் ஒரு கல். மண் போதாமல் அரைகுறையாக விட்டது. அதன் மேலும் ஓர் எருமை நின்றது, சாணி போட்டது, நகர்ந்தது.

கீழே, ஓட்டைக்குள், புல் பச்சையாக இருந்தது.

வேதமூர்த்தி பையைக் கீழே வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் ஓட்டையிலிருந்து, கல்லுக்கு ஓர் அங்குலம் கீழே வரை, மண்ணை விரலால் தோண்டி எடுத்தார். பிறகு அடுத்தது.

திரும்பி வந்த இசக்கியம்மாள் நின்றாள். "என்னய்யா, போட்ட மண்ணையே தோண்டுதிய?"

"உங்க எருமையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தார்.

அவள் மேலேறும் குளம்புகளைப் பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாள். எல்லா ஓட்டையையும் தோண்டி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. புல்லை நான்காவது தடவையாக நட்டார்கள்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. மூன்று நாள் சமையல்கட்டுப் படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

வடிந்தபோது கரை இருந்தது.

ஏழு வீட்டுக்காரர்களும் கூடி எருமைகளுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். பதினோரு எருமையும் மிதித்து மிதித்துத்தான் கரையைக் கெட்டியாக்கினவாம். இசக்கியம்மாளுக்குப் புதுச் சேலை.

வேதமூர்த்தி விறுவிறுவென்று குருவிடம் வந்தார்.

"கேட்டியளா கூத்தை? எருமைக்கு மாலை. என் பேரை ஒருத்தன் சொல்லலை."

"கரை நிக்குதா?"

"நிக்குது."

"எது பிடிச்சு நிக்குது?"

"புல்லுதான். வேற என்ன?"

"புல்லு எங்க இருக்கு அண்ணாச்சி?"

"எத்தனை தடவை சொல்றது? கல்லுக்கு ஓர் அங்குலம் கீழ. மேல துருத்திக்கிட்டு இருந்தா மிதிபடும்" என்று கத்தியவர், வாயை மூட மறந்து அப்படியே நின்றார்.