உப்பில்லாமல் வந்த குழம்பு

இந்தப் புதிருக்கு விடை உப்பில் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிட்டேன், கடைசியில் நான் ஒளித்து வைத்தேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

தென்காசிப் பக்கம் செங்கரடு என்று ஒரு கிராமம். அங்கே ஒரு குட்டைச்சுவருக்கு இந்தப் பக்கம் மைமூன் பீவி, அந்தப் பக்கம் முத்துப்பேச்சி. இருபது வருஷப் பழக்கம். பேச்சி கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தால், அந்த ஆறு நாளும் மைமூன் வீட்டிலிருந்து மீன் வாசனை வராது. பேச்சி கேட்டுக்கொண்டதில்லை, மைமூனும் சொல்லிக்காட்டியதில்லை.

அந்த வருஷம் ரமலான் பிறப்பதற்கு முன்னால் மைமூன் தலையில் இடி விழுந்தது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவள் நோன்பு பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏழு வயதில் நோன்பு பிடிக்க ஆரம்பித்தவள் அவள். வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தீராத நோயாளிக்கு மார்க்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. விடுகிற ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சோறு போட வேண்டும். ஏழையைத் தேடி மைமூன் வெகுதூரம் போகவில்லை. கடையில் பீடி சுற்ற இலை கொடுக்காததால் இரண்டு மாதமாகப் பேச்சிக்கு வேலை இல்லை. தனி ஆள். அவள் அடுப்பு புகையாத நாட்கள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தன.

ஆனால் பேச்சி வைராக்கியக்காரி. சும்மா கொடுக்கிற சோற்றைத் தொடமாட்டாள். போன மாதம் மைமூன் கொடுத்தனுப்பிய அரிசி, போன வேகத்தில் திரும்பி வந்தது. ஆகவே முதல் நோன்பன்று மத்தியானம் மைமூன் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு போனாள். தான் நோன்பு, நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது, உப்புப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். உதவி என்று கேட்டால் பேச்சி மறுக்கமாட்டாள்.

"உப்புப் பாக்க ஒரு சட்டியா அக்கா?"

"எச்சிப் பட்டத நோம்பு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது பிள்ள. மிச்சத்த நீயே சாப்பிட்டுரு."

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது. மைமூன் அந்த நிமிஷத்தில் இயற்றியது. சாயங்காலம் நோன்பு திறக்க மத்தியானமே எதற்கு ஆக்கினீர்கள் என்று பேச்சியும் கேட்டிருக்கலாம். பசி கேட்கவிடவில்லை.

மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்துத் துணி எடுக்கச் சுவரோரம் வந்த பேச்சி, அடுக்களை வாசலில் மைமூனைப் பார்த்தாள். பக்கத்தில் ஊசி மருந்து, மடியில் சோற்றுத்தட்டு. அழுதுகொண்டே விழுங்கிக்கொண்டிருந்தாள். பேச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது, தூக்குச்சட்டி எதற்கு வருகிறது என்பது உட்பட. விரதம் தப்பினால் மனசு என்ன பாடுபடும் என்று சஷ்டி இருக்கிறவளுக்குத் தெரியாதா?

சட்டியைத் திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும்; சொன்னால் அக்காவின் மானம் போகும். ஆகவே வாங்கிக்கொண்டாள். ஆனால் சும்மா வாங்கவில்லை. அக்காவால் முடியாததை நான் இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு கட்டினாள். மறுநாள் முதல் பள்ளிவாசலின் விடியற்காலைப் பாங்குக்கு முன் கொஞ்சம் நீராகாரம், அதோடு சரி. மாலைப் பாங்கு சொல்லும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மத்தியானம் வருகிற சட்டியை உள்ளே கொண்டுபோய் மூடியே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து "உப்பு சரியா இருக்கு அக்கா" என்று குரல் கொடுப்பாள். முதல் மூன்று நாள் ஒரு கல் கூடுதல், புளி கம்மி என்று குறை சொன்ன நாக்கு, அதற்கப்புறம் பதினாறு நாளும் இந்த ஒரே தீர்ப்பைத்தான் சொன்னது.

மைமூன் ஒன்றும் தெரியாதவள் இல்லை. பேச்சியின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்தாள். மாலைப் பாங்கு முடிந்த கையோடு சுவருக்கு அந்தப் பக்கம் சட்டியின் மூடி திறக்கும் சத்தம் தினமும் கேட்டது.

இருபதாம் நாள் மைமூனின் குழம்பில் உப்பே இல்லை. ஒரு நாளும் உப்புத் தப்பாத கை அது. பேச்சி வழக்கம்போல் உள்ளே போனாள், நின்றாள், சரியாக இருக்கிறது என்றாள். மைமூன் வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதாள்.

அன்று மாலை பாங்கு சொன்னதும் பேச்சி முதல் கவளத்தை வாயில் வைத்தாள். துளி உப்பில்லை. அக்காவும் மத்தியானம் இதே குழம்பைத்தானே சாப்பிட்டிருப்பாள்?

இப்போது இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். உப்பில்லாததை எப்படிச் சரி என்றாய் என்று மைமூன் கேட்டால், நோன்பாளிக்கு அது எப்படித் தெரிந்தது என்று ஆகும். பேச்சி வாயைத் திறந்தால், வாங்கியது தானச்சோறு என்று வெளிப்படையாகும். பிறகு அவள் வைராக்கியம் அதைத் தொடவிடாது, பட்டினிதான். இருவரும் பேசாமலே இருந்தால், அரைவயிற்றுக்காரி இன்னும் பத்து நாள் தண்ணீரும் இல்லாமல் வாடுவாள்.

ஒருவருக்காக ஒருவர் பொய் சொன்ன இந்த இரண்டு பேரில், முதலில் உண்மையைச் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: யாரும் இல்லை, இருவரும் சொல்லியாகிவிட்டது. தானும் சாப்பிடுகிற குழம்பில் மைமூன் உப்பை மறந்திருக்க முடியாது. தெரிந்தேதான் போடாமல் விட்டாள். நீ நோன்பிருப்பது எனக்குத் தெரியும் என்று அவள் சொன்ன உண்மை அது. அதைச் சரி என்றது, நான் நாக்கில் வைக்கவே இல்லை என்று பேச்சி சொன்ன உண்மை. மறுநாள் மத்தியானம் தூக்குச்சட்டி வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று பேச்சி கலங்கிப்போனாள். மாலைப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மைமூன் வந்தாள், சட்டியோடு இரண்டு தட்டும் எடுத்துக்கொண்டு. பாங்கு கேட்டதும் பேச்சி தண்ணீர் குடித்தாள். பிறகு முதல் கவளத்தை உருட்டி மைமூனிடம் நீட்டினாள். "இன்னிக்கு நீங்க உப்புப் பாத்துச் சொல்லுங்க அக்கா." மைமூன் வாயில் வாங்கி மென்றுவிட்டு, "ஒரு கல்லு கூடிப்போச்சு பிள்ள" என்றாள். கூடித்தான் போயிருந்தது.